பலகைக்குக் கணக்கு சரி, சுவருக்கு?

சுவரில் சாமான் பலகை மாட்ட வேண்டுமா? சுவரின் அகலத்தையும் பலகையின் நீளத்தையும் கொடுத்தால் போதும்; எங்கே துளையிடுவது என்று இணையதளக் கருவி சொல்லிவிடும். 120 அங்குலச் சுவர், 36 அங்குலப் பலகை என்றால் இருபுறமும் 42 அங்குலம் விட வேண்டும். கணக்கென்றாலே நடுங்கும் என் போன்றவர்களுக்கு மெத்த உபகாரம்!

ஆனால், இத்தகைய கருவி செய்ய முனையும் நம் இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். அமெரிக்க மர வீடுகளில் சுவருக்குள்ளே 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம் நிற்பது வழக்கம். பாரமான பலகைக்குத் திருகாணி அந்தச் சட்டத்தில் இறங்க வேண்டும். அங்குள்ளவர்கள் சட்டத்தைத் தேடுவது நியாயமே. நம் வீட்டுச் சுவரோ செங்கல். அதன்மேல் சுமார் அரை அங்குலப் பூச்சு. பிளக் பூச்சோடு நின்றுவிட்டால், பாத்திரத்தோடு பலகையும் ஒருநாள் தலையில் இறங்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலே, பூச்சுக்குள் புதைத்த குழாயில் பெரும்பாலும் மின்கம்பி போகிறது. கருவி காட்டிய புள்ளி அந்தக் கோட்டிலே விழுந்தால், டிரில் பிடித்தவர் கதி என்ன?

தரையும் நம்பத்தக்கதல்ல. தண்ணீர் ஓட வாட்டம் வைத்த தரையிலிருந்து இருமுனையும் அளந்தால் பலகையும் சாயும். ஒருமுனையை அளந்து, மறுமுனைக்கு ரசமட்டம் பிடிப்பதே கொத்தனார் வழி.

சுவர் எதனாலானது, சுவிட்சு எங்கே என்று கருவி முதலில் கேட்கட்டும். அகலமும் நீளமும் பிறகு கேட்டால் போதாதா?