காசிக்கு வாரம் ஒரு வண்டியா?

பாம்பனில் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 1914 முதல் உழைத்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்ற பிறகு, ராமேசுவரம் வந்தவர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி, மூட்டை முடிச்சோடு பஸ் பிடித்தார்கள். அந்த அவதி தீர்ந்தது. ஆனால் பாலத்தைத் தாண்டிக் காசிக்கென்றே போகும் ரயில் இன்றும் வாரத்துக்கு ஒன்றுதான்.

ராமேசுவரம் - பனாரஸ், ராமேசுவரம் - அயோத்தி, 2023 டிசம்பரில் கொடியசைத்துத் தொடங்கிய கன்னியாகுமரி - பனாரஸ் காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் மூன்றுமே வாராந்திர வண்டிகள். கொடியசைப்பதில் குறை வைத்ததில்லை!

காசி யாத்திரையின் முறையே வேறு. ராமேசுவரத்தில் கடல் மணல் எடுத்துப் பிரயாகைத் திரிவேணியில் கரைக்க வேண்டும். அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை பூர்த்தி. போனால் போதாது, திரும்பி வர வேண்டும். பிரயாகை, காசி, கயை மூன்றையும் நான்கைந்து நாளில் முடித்துவிடலாம். ஆனால் ஊர் திரும்பும் நாளை ரயில்வே அல்லவா நிர்ணயிக்கிறது? அந்த ஒரு வண்டியில் டிக்கெட் கிடைக்காவிட்டால் இன்னொரு வாரம் சத்திரத்தில் கிடக்க வேண்டும். இல்லையென்றால் சென்னையோடு நிற்கும் வண்டியில் வந்து, ஈயம் பூசி அடைத்த காசிச் செம்பைக் கையில் பிடித்தபடி எழும்பூருக்கு ஓட வேண்டும்.

ஓடுபவர்கள் யார்? பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். கட்டிக்கொண்டு வந்த புளிசாதம் இரண்டாம் நாளே தீர்ந்துபோக, நடு பெர்த்தில் ஏற முடியாமல் எதிர் இருக்கைக்காரரிடம் கெஞ்சுபவர்கள். ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் என்றிருந்த மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையையும் 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை வரவில்லை.

பெட்டிகள் இல்லை என்பது ரயில்வேயின் வழக்கமான பதில். அதில் பாதி நியாயம் உண்டு. போக இரண்டு நாளுக்கு மேல், வரவும் அவ்வளவே, நடுவில் பராமரிப்பு. ஒரு பெட்டித் தொடர் ஒரு சுற்று முடிக்க ஒரு வாரம் சரியாகிவிடும். தினசரி வண்டி என்றால் ஏழு தொடர்கள் தேவைப்படலாம். நாம் அதைக் கேட்கவில்லை. ராமேசுவரம் - பனாரஸ் வண்டியை வாரம் மூன்று நாள் ஆக்க, கூடுதலாக இரண்டு தொடர்கள் போதும். 2021-இல் அறிவித்த பாரத் கௌரவ் சுற்றுலா ரயில்களுக்குத் தனியார் கேட்டாலும் பெட்டி தருவோம் என்ற துறைக்கு இது முடியாததா?

சாப்பாடு, தங்குமிடம், பஸ் என்று எல்லாம் சேர்த்துக் கட்டணம் வாங்கும் சுற்றுலா ரயில் வசதியுள்ளவர்களுக்கு நல்லதே. ஆனால் காசியில் நகரத்தார் சத்திரம் தலைமுறைகளாக நடப்பது, சொந்தச் செலவில் தாமாகப் போய் வருகிறவர்களை நம்பித்தான். அவர்களுக்கு வேண்டியது சாதாரண ஸ்லீப்பர் பெட்டியும் முன்பதிவில்லாப் பெட்டியும். வண்டியைக் கூட்டும்போது இவற்றைக் குறைத்து ஏசி பெட்டிகளை நிரப்பினால் பயனில்லை.

யாத்திரைக் கூட்டம் கூடும் தை, ஆடி, மகாளய அமாவாசைகள் பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே இருப்பவை. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. சிறப்பு ரயில்களை அதற்கும் முன்பே அறிவிக்க வேண்டும். கடைசி வாரத்தில் அறிவித்து, பாதி காலியாக ஓட்டிவிட்டு, பயணிகளிடம் வரவேற்பு இல்லை என்று கோப்பை மூடக் கூடாது.