அறையை வாடகைக்கு விடலாம். குடிலுக்கு அவசரம் வேண்டாம்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டம். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை இல்லை. வீட்டில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. அதைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாமா? நகையை அடகு வைத்துத் தோட்டத்தில் நான்கு குடில் போடலாம் என்கிறான் மகன். என்ன அனுமதி வேண்டும்?
- நீலகிரி வாசகி

பதில்: நீங்கள் கேட்டிருப்பது இரண்டு வேறு விஷயங்கள். அறையை விடுவது எளிது. குடில் போடுவது எளிதல்ல.

முதலில் அறை. உரிமையாளர் குடும்பம் குடியிருக்கும் வீட்டில் 6 அறை, 12 படுக்கை வரை விருந்தினரைத் தங்கவைக்க மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பதிவுத் திட்டம் இருக்கிறது. மாநில அரசின் பதிவு பற்றி ஊட்டியிலுள்ள மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டுக்கு முறையான கட்டட அனுமதியும் வரி ரசீதும் இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றுலாப் பதிவு கட்டட அனுமதி ஆகிவிடாது. சாப்பாடு போட்டுப் பணம் வாங்கினால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிய வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் தகவல் தர வேண்டும். மின் கட்டணம் எந்த விகிதத்தில் வரும் என்று மின்வாரியத்தில் எழுதிக் கேளுங்கள். பம்புசெட் இணைப்பிலிருந்து அறைக்கு வயர் இழுக்கவே கூடாது. இந்த வாடகை விவசாய வருமானத்தில் சேராது என்பதால் வருமான வரிக் கணக்கில் தனியாகக் காட்ட வேண்டும்.

இனி குடில். மலைப்பகுதியில் விவசாய நிலத்தில் கட்ட ஊராட்சியின் அனுமதி மட்டும் போதாது. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். மண் சரிவு, மண் அரிப்பு, வனம் சார்ந்து மற்றத் துறைகளின் கருத்தையும் கேட்பார்கள். தோட்டத்து மரத்தை வெட்டுவதற்கும் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

"முதலில் கட்டுங்கள், பிறகு சரிசெய்யலாம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உங்கள் மாவட்டத்திலேயே, சீகூர் யானை வழித்தடத்தில், 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி பல விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் வந்த தீர்ப்பும் வழித்தடத்தை உறுதி செய்தது. உங்கள் நிலம் அந்த வழித்தடத்தில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கட்டடத்துக்குச் சீல் வைத்தாலும் நகைக் கடன் வட்டி நிற்காது என்பது எல்லோருக்கும் பொது. வருகிறவர் எண்ணிக்கையும் நம் கையில் இல்லை. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்று உயர் நீதிமன்றமே வரம்பு வைத்தது.

ஆகவே இரண்டு அறையில் தொடங்குங்கள். ஒரு வருட வரவு செலவை நோட்டில் எழுதி வையுங்கள். சிட்டா, நிலவரைபடத்தோடு மகனை நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு அனுப்பி, உங்கள் சர்வே எண்ணில் குடில் கட்ட முடியுமா என்று எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள். அது கைக்கு வரும்வரை நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.