பூட்டும் அவர்கள் கையில், சாவியும் அவர்கள் கையில்!

போனஸ் பேச்சுக்குப் போன பனியன் தொழிலாளிக்கு ஒரு பதில் மனப்பாடம்: "கணக்கா? அது கம்பெனி ரகசியம்!" லாபமில்லை என்று முதலாளி சொல்வார், கணக்கை மட்டும் காட்டமாட்டார். சர்க்காரும் இதே பாஷைதான் பேசுகிறது. அதற்கென்று ஒரு சட்டமே வைத்திருக்கிறது.

அதுதான் அரசு ரகசியச் சட்டம். 1889-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்தான்; 1904-ல் கர்சன் பிரபு இறுக்கினார்; 1923-ல் இன்றைய உருவம் பெற்றது. ரகசியத்தை வெளியே சொன்னவனுக்கும், தெரிந்தே வாங்கியவனுக்கும் 3 ஆண்டு வரை சிறை என்கிறது 5-வது பிரிவு. ரகசியம் என்றால் என்ன? சட்டத்தில் விளக்கமே கிடையாது!

எந்தத் தாளில் "ரகசியம்" என்று முத்திரை குத்துவது என்ற விதிகள் உள்துறை அமைச்சகத்தின் கையேட்டில் இருக்கின்றன. அவை நாடாளுமன்றம் விவாதித்து நிறைவேற்றியவை அல்ல, அதிகாரிகளே எழுதிக்கொண்டவை.

குத்திய முத்திரையை நீக்குவது எப்போது? 5 ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்கின்றன 1997-ம் வருஷத்துப் பொது ஆவண விதிகள். செய்வது யார்? அதே இலாகாவின் அதிகாரி! செய்யத் தவறினால்? 1993-ம் வருஷத்துப் பொது ஆவணச் சட்டத்தில் அதற்குத் தண்டனை இல்லை. சொன்னவனுக்குச் சிறை, மறைத்தவனுக்கு ஒன்றுமில்லை! ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு!

"தேசப் பாதுகாப்புக்கு ரகசியம் வேண்டாமா?" என்பார்கள். வேண்டும். படை எங்கே நிற்கிறது என்று நாம் கேட்கவில்லை. ராஜஸ்தான் கூலி ஜனங்கள் கேட்டது என்ன? தங்கள் பெயர் ஏறிய மஸ்டர் ரோல்! அதற்கும் 1923-ம் வருஷத்துச் சட்டத்தைக் காட்டி இல்லையென்றார்கள் அதிகாரிகள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் விடவில்லை. 1994 டிசம்பரில் கோட் கிராணா கிராமத்தில் ஊர் கூட்டிக் கணக்கைப் படித்தது. 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. அப்படி முளைத்ததுதான் 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பொதுநலன் பெரிதென்றால் 1923-ம் வருஷத்துச் சட்டமும் தடையாகாது என்கிறது அதன் 8(2) பிரிவு.

பழைய சட்டத்தை ரத்து செய்யுங்கள் என்று இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்தக் கமிஷன் 2006-ல் சொன்னது. காங்கிரஸ் சர்க்கார் ஏற்கவில்லை. பா.ஜ.க. சர்க்கார் 2015-ல் ஒரு கமிட்டி போட்டது. சட்டம் போகவில்லை. 2019-ல் ரஃபேல் விமானப் பேரத் தாள்கள் பத்திரிகையில் வந்ததும், அதே சட்டத்தை உச்சநீதிமன்றத்தில் நீட்டியது. கோர்ட் ஏப்ரல் 10-ல் அந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டது. நமக்கு மாதிரியாக இருந்த தன் பிரிவை இங்கிலாந்தே 1989-ல் தூக்கியெறிந்துவிட்டது. எஜமான் கழற்றிப்போட்ட சட்டையை நாம் இன்னும் மாட்டிக்கொண்டு திரிகிறோம்!

புதிய பூட்டும் வந்திருக்கிறது. 2023-ல் தனிநபர் தரவுச் சட்டத்தின் பெயரால் தகவல் உரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவைத் திருத்தினார்கள். "தனிநபர் விவரம்" என்ற ஒரு சொல்லே இனி மறுக்கப் போதும். மஸ்டர் ரோலில் இருப்பது பெயர்தானே? பொய்ப் பெயரில் கூலி எடுத்த காண்டிராக்டரை எப்படிப் பிடிப்பது? 8(2) பிரிவு இருக்கிறதே என்பார்கள். பொதுநலன் எது என்று முதலில் தீர்மானிப்பவரும் அதிகாரிதான்!

ஆகவே நாம் கேட்பது இவ்வளவே: முத்திரை குத்தும் விதிகளை நாடாளுமன்றத்தில் வை! ஒவ்வொரு முத்திரைக்கும் காரணம் எழுது, கெடு வை! மறுபரிசீலனையைக் குத்திய கையிடமே விடாதே! ஊழலை மறைக்கக் குத்தியவனைத் தண்டி!

தோழர்களே! இதைப் படித்த நூலக் கதவு போல மூடிவைத்துவிடாதீர்கள். உங்கள் ஊர் வேலைக் கணக்கைக் கேட்டு மனு போடுங்கள். உங்கள் கம்பெனியில் நடந்த தொழிற்சாலை ஆய்வின் அறிக்கையைக் கேளுங்கள். நொய்யலில் எடுத்த தண்ணீர்ச் சோதனை முடிவைக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் மனு குப்பைக்கூடைக்குப் போகும். சங்கமாகக் கேட்டால் பதில் வந்தே தீரும். ராஜஸ்தான் கூலிக்காரன் திறந்த பூட்டை, திருப்பூர்த் தொழிலாளி மறுபடி பூட்ட விடலாமா?