சம்பளச் சீட்டு இல்லாதவரின் ஜீவனாம்சம்

ஜீவனாம்சத்தையும் குழந்தைப் பொறுப்பையும் பற்றிய சட்டத் திருத்தப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. கணவனின் சொத்தில் மனைவிக்குப் பங்கு தர முனைந்த திருமணச் சட்டங்கள் திருத்த மசோதா, 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையைக் கடந்தும் மக்களவையில் நிறைவேறாமல் காலாவதியானது. குழந்தையை இருவரும் சேர்ந்து வளர்க்கும் கூட்டுப் பொறுப்பைச் சட்ட ஆணையம் 2015 மே மாதம் தனது 257ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால் இரண்டுமே மாதச் சம்பளமும் சொந்த வீடும் உள்ள குடும்பத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

தேனி மாவட்டத்தின் கெங்குவார்பட்டியிலிருந்து பெரியகுளம் நீதிமன்றத்துக்கு எம்.சி. எனப்படும் ஜீவனாம்ச மனுவோடு வரும் பெண்ணின் நிலை வேறு. அவள் கணவன் மாந்தோப்பில் காய் பறிக்கிறான், சீசன் முடிந்தால் குமுளிக்கு அப்பால் ஏலத்தோட்டத்துக்கோ திருப்பூருக்கோ போகிறான். கூலி கையில் ரொக்கமாக வருகிறது. எதிருரையில் வழக்கறிஞர்களான நாம் எல்லோரும் மனப்பாடமாக அறிந்த வரி இருக்கும்: ‘எதிர்மனுதாரர் கிடைத்த கூலி வேலை செய்து வருகிறார், நிரந்தர வருமானம் ஏதும் இல்லை.’ அந்த ஒற்றை வரியை உடைக்க அவளிடம் ஒரு காகிதமும் கிடையாது.

ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் சொத்து, கடன் விவரப் பிரமாண வாக்குமூலத்தைக் கட்டாயமாக்கியது. விவசாயிகளுக்கென்று தனிப் படிவமே இணைத்தது. நிலம் நன்செயா புன்செயா, என்ன பயிர், குத்தகை நிலம் உண்டா, ஆடு மாடு எத்தனை என்றெல்லாம் அதில் கேட்கப்படுகிறது. நம் பள்ளத்தாக்குக்கு இது பெரிய கருவி. சிட்டா அப்பா பெயரில் இருந்தாலும், குத்தகைத் தோப்பை மறைத்தால் பொய் வாக்குமூலத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். ஆனால் அதே தீர்ப்பு, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கும் தினக்கூலிகளுக்கும் இந்த வாக்குமூலத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. ஏழையை அலைக்கழிக்கக் கூடாது என்ற இரக்கம் அதில் தெரிகிறது. மறுபக்கம் நிற்பவளும் ஏழைதான் என்பது விடுபட்டுவிட்டது.

திருத்தம் இங்கே தொடங்க வேண்டும். உடல்நலமுள்ள ஆண், வேலை நாட்களில் குறைந்தபட்சக் கூலியையாவது ஈட்டுகிறான் என்று சட்டமே அனுமானிக்கட்டும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் அவனைச் சேரட்டும். உடல் உழைப்பு செய்தேனும் மனைவி மக்களைக் காப்பது கணவன் கடமை என்று அஞ்சு கார்க் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எத்தனை ரூபாய் என்பதை மட்டும் ஒவ்வொரு நடுவரும் ஊகித்துக்கொண்டிருக்கிறார். உண்மையிலேயே வேலையற்றவனுக்கு இது அநீதி ஆகாதா என்று சிலர் கேட்கிறார்கள். மறுத்துச் சாட்சியம் தர வழியுள்ள அனுமானம் யாரையும் நசுக்காது.

உத்தரவு வாங்குவதைவிடப் பணம் வாங்குவது கடினம். ஜீவனாம்சத்துக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144 ஆனது. நிலுவையை ஒரு வருடத்துக்குள் கேட்டாக வேண்டும் என்ற வரம்பு மட்டும் அப்படியே தொடர்கிறது. இடுக்கியில் எந்த எஸ்டேட் லயத்தில் இருக்கிறான் என்றே தெரியாதவன் மீது பிடியாணை வாங்கி, அது நிறைவேறாமல் திரும்பி, மறுபடி வாய்தா வாங்குவதற்குள் மாதங்கள் கரைகின்றன. மனைவியின் சோர்வுக்குச் சட்டம் தரும் தண்டனை இது. இந்த வரம்பு போக வேண்டும்.

கைவிடப்பட்ட பெண்களுக்குத் தமிழக அரசு ஓய்வூதியம் தருகிறது. முப்பது வயது நிறைந்திருக்க வேண்டும், விவாகரத்தோ நீதிமன்றச் சான்றோ இல்லையென்றால் ஐந்தாண்டு பிரிந்திருக்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தையோடு நிற்கும் இருபத்தி மூன்று வயதுப் பெண்ணுக்கு அதனால் என்ன பயன்? ஜெர்மனியில் தகப்பன் தராத குழந்தைப் பராமரிப்புத் தொகையை அரசே முன்பணமாகத் தந்துவிட்டுப் பிறகு அவனிடம் வசூலிக்கிறது. 2017 முதல் இது பதினெட்டு வயது வரை நீள்கிறது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழியாக இங்கும் இதைச் செய்யலாம். தலைமறைவானவனைத் தேடும் வேலை அவளிடமிருந்து அரசுக்குப் போகும்.

குழந்தைப் பொறுப்பைப் பற்றிச் சுருக்கமாக. 1956ஆம் ஆண்டு இந்து இளையோர், காப்பாளர் சட்டத்தின் 6ஆவது பிரிவில் தகப்பன், ‘அவருக்குப் பின்’ தாய் என்ற சொற்கள் இன்னும் அச்சில் இருக்கின்றன. கீதா ஹரிஹரன் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் அதற்குப் புதுப்பொருள் தந்தும் பாராளுமன்றம் திருத்தவில்லை. சட்ட ஆணையம் கேட்டபடி அந்தச் சொற்களை நீக்கட்டும். கூட்டுப் பொறுப்பை வாரக் கணக்கில் பங்கிடும் யோசனைக்கு மட்டும் நாம் தயங்குகிறோம். தகப்பன் ஏலத்தோட்டத்தில், தாய் பனியன் கம்பெனி விடுதியில் என்றால் பிள்ளை வளர்வது அம்மாச்சி வீட்டில். அந்த அம்மாச்சியை மனுவில் ஒரு தரப்பாகச் சேர்ப்பதே அரிது. பள்ளியில் கையெழுத்துப் போடவும் ஆஸ்பத்திரியில் சம்மதம் தரவும் அவருக்கு உரிமை தரும் ஒரு விதி வேண்டும்.

சட்டம் திருந்தும் வரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். அடுத்த எம்.சி. மனுவில், கணவன் செய்யும் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலி அரசாணையின் நகலை ஆவணமாக இணையுங்கள். அவன் கேரளத்தில் வேலை செய்தால் அந்த மாநில அறிவிப்பை இணையுங்கள். தினக்கூலி என்று விலக்கு கேட்கும் எதிர்த்தரப்பைக் கூண்டில் ஏற்றி, கடைசியாக வேலை பார்த்த தோப்பு யாருடையது, ஒரு நாள் கூலி எவ்வளவு என்று குறுக்கு விசாரணை செய்யுங்கள். மனுத் தேதியிலிருந்தே ஜீவனாம்சம் என்று 2020 தீர்ப்பு சொன்னதை இறுதிக் கோரிக்கையில் எழுத மறவாதீர்கள்.