‘சார்ந்திருப்பவர்’ என்னும் முத்திரை

கணவனின் வேலை நிமித்தம் அமெரிக்கா செல்லும் பெண்ணுக்கு ஆலோசனைகளுக்குப் பஞ்சமில்லை. புதிதாகப் படியுங்கள், தொண்டு செய்யுங்கள், இடைவெளியை வாய்ப்பாக்குங்கள்! அவரது வேலையைப் பறித்தது யார் என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை.

எச்-1பி விசாவில் கணவனின் உழைப்பை முதலாளி வாங்குகிறார். எச்-4 விசாவில் உடன்வரும் மனைவியை ‘சார்ந்திருப்பவர்’ என்று அரசு முத்திரை குத்துகிறது. மருத்துவரானாலும் பொறியாளரானாலும் தனி அனுமதியின்றி அவர் ஊதியம் பெறக்கூடாது. 2015இல் திறந்த சிறு கதவும் எத்தகையது? கணவனின் கிரீன் கார்டுக்கான மனு ஒப்புதல் பெற்றால் மனைவி பணி அனுமதி கோரலாம். அம்மனுவை வழக்கமாகத் தாக்கல் செய்பவர் கணவனின் முதலாளி! தான் ஒருநாளும் பணியாற்றாத நிறுவனத்தின் தயவில் தொங்குகிறது அப்பெண்ணின் வேலையுரிமை. 2025 அக்டோபர் 30 முதல் புதுப்பிக்க விண்ணப்பிப்போருக்குத் தானியங்கி நீட்டிப்பும் கிடையாது. கோப்பு நகராவிட்டால் வேலை போகும்.

ஒரு நாட்டவருக்கு 7 சதவீதம் என்னும் உச்சவரம்பால் இந்தியர்களின் காத்திருப்பு பல்லாண்டுகள் நீள்கிறது. அதுவரை சமையலும் குழந்தை வளர்ப்பும் கூலியின்றி நடக்க, கணவன் நேரங்காலமின்றி நிறுவனத்துக்குக் கிடைக்கிறான். இலவச உழைப்பின் ஆதாயம் யாருக்கு?

வேறு வழியே இல்லையா? பன்னாட்டு நிறுவனங்கள் எல்-1 விசாவில் இடமாற்றும் ஊழியர்களின் மனைவியர், 2021 நவம்பர் முதல் தனி அனுமதியின்றியே வேலை செய்யலாம். அவர்களுக்குக் கொடுத்ததை எச்-4 பெண்களுக்கும் கொடு!