உண்ண மறுத்த விருந்தாளி



வீட்டிற்குள் நுழைபவரை 'சாப்பிட்டீர்களா?' என்று கேட்பது நம் நாட்டு வழக்கம். நோயாளியைப் பார்க்கச் சென்றாலும், இழவு வீட்டிற்குச் சென்றாலும், நாம் கேட்கும் இரண்டாவது வினா இதுவே. அப்படிப்பட்ட நம் கூரையின் கீழ் ஓர் உயிர் ஐந்து நாட்கள் தங்கி, வைத்த எதையும் தொடாமல் இருந்தால் நம் மனம் என்ன பாடுபடும்! சென்ற கார்த்திகை மாதத்தில் நமக்கு வாய்த்த விருந்தாளி அத்தகையது. அது ஒரு பாம்பு.

பொழிச்சலூரின் தாழ்வான தெருக்களை அறிந்தோர்க்கு மழைக்காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அடையாறு பெருகி வந்ததைக் கண்ட மக்கள், இன்றும் இரண்டு நாள் தொடர்ந்து பெய்தால் பெட்டிகளைப் பரண்மேல் ஏற்றி விடுகின்றனர். நீர் ஏறினால் மனிதர் மட்டுமா இடம் பெயர்வர்? தவளையும் பெயரும், அதைத் தேடி வரும் பாம்பும் பெயரும். அப்படி வந்த ஒன்று, கோழிகள் புகாதபடி ஒரு கீரைத் தோட்டத்தைச் சுற்றிக் கட்டியிருந்த பழைய நைலான் வலையில் சிக்கிக்கொண்டது. முன்னும் போக இயலாது. செதில்கள் தடுப்பதால் பின்னும் வர இயலாது. திமிறத் திமிற, இழைகள் கழுத்துக்குக் கீழே சதையை அறுத்துவிட்டன.

சனிக்கிழமை மறைக்கல்வி முடிந்து திரும்பிய சிறுவர்கள் அதனைக் கண்டு கம்புகளைத் தேடினர். அது தலையைத் தூக்கிக் கழுத்தைத் தட்டையாக விரித்ததால், 'நல்ல பாம்பு! நல்ல பாம்பு!' என்ற கூச்சல் எழுந்தது. ஏழாம் வகுப்பில் பயிலும் ஒருவன் மட்டும் நம்மிடம் ஓடி வந்தான். நல்வாய்ப்பாக அன்று கோவிற்சுவர் வேலைக்கு வந்திருந்தவர்களுள் செங்கற்பட்டுப் பக்கத்து இருளர் முதியவர் ஒருவர் இருந்தார். அவர் குனிந்து பார்த்தார்.

"தண்ணிப் பாம்பு சாமி. விஷம் கிடையாது. கண்ணுக்குக் கீழே பாருங்க, ரெண்டு கறுப்புக் கோடு. உடம்புல சதுரங்கக் கட்டம். பயந்தா இப்படித்தான் கழுத்தை விரிக்கும்; கையைக் கொண்டுபோனா கடிக்கவும் கடிக்கும்."

இரண்டு நிமிடத்தில் அவர் வலையை அறுத்து, பாம்பை ஒரு மண்பானையில் இறக்கி, வாயைத் துணியால் கட்டிவிட்டார். இதை வாசிக்கும் இளைஞர்கள் உடனே வித்தையைக் கற்றுக்கொண்டதாக எண்ண வேண்டாம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் நம் பகுதியில் உண்டு. அச்சத்தில் நிற்பவன் கண்ணுக்குக் கோடும் கட்டமும் சரியாகத் தெரிவதில்லை. அம்முதியவரின் கண் பல தலைமுறைகள் பயின்ற கண்.

இருளர் மக்களைப் பற்றி இங்கே சிறிது சொல்லத்தான் வேண்டும். ரோமுலஸ் விட்டேக்கர் என்பார் தொடங்கிய பாம்புப் பண்ணை 1972-இல் கிண்டிக்கு மாறுவதற்குமுன் நம் தாம்பரத்தை அடுத்த சேலையூரில்தான் இருந்தது என்பதை நம்மவருள் பலர் அறியார். அவருக்குத் துணை நின்றவர்கள் இருளர்கள். பாம்புத் தோல் வணிகம் சட்டத்தால் நின்றபோது, அதை நம்பியிருந்த அவர்கள் பிழைப்பும் நின்றது. 1978-இல் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. மாமல்லபுரம் செல்லும் வழியில் வடநெம்மேலியில் அது இயங்குகிறது. பிடித்த பாம்பை மண்பானையில் வைத்து, சில வாரங்கள் நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுவர். பாம்புக்கடி பட்டவருக்கு மருத்துவமனையில் ஏற்றப்படும் மருந்து அந்த நஞ்சிலிருந்தே உருவாகிறது. இவ்வினத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நாமோ அன்று அம்முதியவருக்குத் தேநீர் கொடுத்ததோடு சரி. அவர் போகும்போது சொன்ன ஒரு சொல்லையும் சரியாகக் காதில் வாங்கவில்லை: "தண்ணி வைங்க. இருட்டுல வைங்க. திறந்து திறந்து பாக்காதீங்க."

நாம் திறந்து திறந்து பார்த்தோம்.

முதல் நாள் சமையற்கார அம்மாள் ஒரு கிண்ணத்தில் பால் கொண்டு வந்தார். புற்றுக்குப் பால் வார்க்கும் ஊரில் பிறந்தவர் வேறென்ன செய்வார்? பாம்பு தொடவில்லை. இரண்டாம் நாள் நாமே காயத்தில் மஞ்சள் தடவினோம். மூன்றாம் நாள் சிறுவன் குட்டையிலிருந்து கெண்டைக் குஞ்சுகளைப் பிடித்து, நறுக்கிக் கொண்டு வந்தான். அதையும் முகரவில்லை. காலையில் பள்ளிக்குப் போகுமுன்னும் மாலையில் திரும்பியபின்னும் அவன் பானையருகே அமர்ந்து, துணியை விலக்கி, 'சாப்பிடு, சாப்பிடு' என்று கெஞ்சுவதைப் பார்க்க நமக்கே என்னவோ போல் இருந்தது. அவனுடைய பாட்டி ஒருநாள் அவனைத் தேடி வந்து, பானையைக் கண்டு திடுக்கிட்டு, "சாமி, ஏவாளை ஏமாத்தினது இதுதானே? இதுக்கா சோறு ஊட்டுறீங்க?" என்றார். அந்த வழக்கு வேறு, இது மீன் பிடித்துத் தின்னும் ஏழை என்று சொல்லி அனுப்பினோம்.

நான்காம் நாள் மாலை, நாம் ஒரு நோயாளியைச் சந்திக்கச் சென்றிருந்த வேளையில், சிறுவன் தீக்குச்சியால் பாம்பின் வாயைத் திறந்து, மீன் துண்டு ஒன்றை உள்ளே தள்ளிவிட்டான். திரும்பி வந்தபோது அது துண்டைக் கக்கிவிட்டுத் துவண்டு கிடந்தது. புண் மீண்டும் வாய் பிளந்திருந்தது. அவன் சுவரைப் பார்த்தபடி நின்றான். ஏனடா இப்படிச் செய்தாய் என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டோம்.

"தாத்தாவும் இப்படித்தான் ஃபாதர் சாப்பிடாம இருந்தாரு. அப்புறம் போயிட்டாரு."

அவர் அடக்கத்தை ஆறு மாதங்களுக்கு முன் நிறைவேற்றியவர் நாமே. அதற்குமேல் அவனைக் கடிந்துகொள்ள நமக்கு நா எழவில்லை.

அன்றிரவே, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரான நம் பங்கு இளைஞர் ஒருவருக்குத் தொலைபேசியில் பேசினோம். அவர் முதலில் நம்மைக் கடிந்தார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு உயிரைப் பிடித்து வீட்டில் வைத்திருக்க நமக்கு உரிமையில்லை. அன்றே வனத்துறைக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். பங்குத்தந்தைக்கும் சட்டம் ஒன்றுதானே! பிழையை ஒப்புக்கொண்டோம். மஞ்சளையும் அவர் பாராட்டவில்லை.

பிறகு பொறுமையாக விளக்கினார். நம் உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்க வேண்டியிருப்பதால் வேளைதோறும் உணவு கேட்கிறது. பாம்பு வெயிலிலிருந்தும் தரையிலிருந்தும் சூட்டைப் பெறுகிறது; ஆகவே அதே எடையுள்ள எலிக்கோ அணிலுக்கோ வேண்டியதில் மிகச் சிறு பங்கே அதற்குப் போதும். உடல்நலமுள்ள வளர்ந்த பாம்பு வாரக்கணக்கில் உண்ணாமல் இருந்தாலும் இறந்துவிடாது. தோல் உரிக்கும் நாட்களில், கண் பால் படிந்ததுபோல் மங்கியிருக்கையில், நலமாய் இருக்கும் பாம்பே உண்ணாது. மழைக்குளிரில் உண்டால் இரை செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும். எல்லாவற்றிற்கும் மேலாக, அச்சத்தில் இருக்கும் பாம்பு உண்ணாது. துணியை விலக்கி எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முகமும் அதற்குக் கழுகின் முகமே. வாயைத் திறந்து ஊட்டினால் தாடை பழுதாகும். பால் முதலியவற்றை ஊற்றினாலோ, வாயின் அடித்தளத்தில் உள்ள மூச்சுத்துளை வழியே நுரையீரலுக்குள் சென்றுவிடும். "அது பட்டினியால் சாகாது சுவாமி. நம் கவனிப்பால்தான் சாகும்" என்றார்.

இருளர் முதியவர் மூன்று சொற்றொடரில் சொன்னதையே இவர் கால்மணி நேரம் சொன்னார்.

மறுநாள் காலை வனத்துறையினர் வந்து பானையோடு எடுத்துச் சென்றனர். தன் பேரன் செய்த காரியத்திற்கு மன்னிப்புக் கேட்க வந்த பாட்டியிடம், மருத்துவர் கூறியதை எல்லாம் எடுத்துரைத்தோம். மூச்சுக்குழலில் பால் இறங்கும் என்ற இடத்தில் அவர் நம்மை நிறுத்தினார்.

"அவருக்கும் கடைசி நாலு நாளு கஞ்சியை ஊத்திக்கிட்டே இருந்தோம் சாமி. இருமிக்கிட்டே இருந்தாரு. வேணாம்னு கையைத் தள்ளினாரு. நாங்க விடல."

நாம் அவருக்கு மறுமொழியாக ஏதும் சொல்லவில்லை. திண்ணையில் சிறிது நேரம் அவரோடு அமர்ந்திருந்தோம். பிற்பகல் விமானம் ஒன்று தாழப் பறந்து சென்றது. அந்த ஓசை அடங்கியபின் அவர் எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு வீட்டிற்குப் போனார்.

மூன்றாவது வாரம் மருத்துவர் விசாரித்துச் சொன்னார். புண் ஆறி வருகிறதாம்; தோலும் உரித்ததாம். இருட்டான கூண்டில் ஒரு தட்டில் நீர் வைத்து நான்கு மீன் குஞ்சுகளை விட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போனார்களாம். விடியற்காலையில் பார்த்தபோது இரண்டுதான் நீந்திக் கொண்டிருந்தனவாம். செய்தியைச் சிறுவனிடம் சொன்னோம்.

"யாரும் பாக்காதப்பவா ஃபாதர்?" என்று கேட்டான்.

"ஆம்" என்றோம்.

சிறிது யோசித்துவிட்டு, கத்தரிக்கோல் ஒன்று கிடைக்குமா என்றான். தோட்டக்காரரிடம் முன்னமே பேசி வைத்திருக்கிறான். அன்று மாலையே பழைய வலையை இருவருமாக அறுத்து, சுருட்டி, குப்பை வண்டியில் போட்டனர். இப்பொழுது அக்கீரைத் தோட்டத்தைச் சுற்றி மூங்கிற் படல் நிற்கிறது. கோழிகள் எப்படியோ புகுந்துதான் விடுகின்றன.