கோபுரமும் குடிநிலமும்

கொழும்பு வானத்தைத் தொட்டு விட்டது. ஆகவே நாடு வளர்ந்து விட்டது என்றொரு தர்க்கம் நம்மவரிடையே செலாவணியாகி வருகிறது. செய்தித்தாள்களின் விளம்பரப் பக்கங்களோடு அது நின்றிருந்தால் நாம் பேனாவை எடுத்திருக்க மாட்டோம். அது நமது வகுப்பறைக்குள்ளும் வந்து அமர்ந்து விட்டது. அதற்குக் கதவைத் திறந்து விட்டவர்கள் வேறு யாருமல்லர், ஆசிரியர்களாகிய நாமே!

வன்னிப் பாடசாலைகளின் கல்விச் சுற்றுலா என்றால் இப்போதெல்லாம் தாமரைக் கோபுரம் இல்லாமற் போகாது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்படும் பேருந்து, பிள்ளைகளை அதன் காலடியில் கொண்டுபோய் இறக்குகிறது. திரும்பி வந்ததும் கட்டுரை எழுதச் சொல்கிறோம். அவ்வாறு அண்மையில் நாம் திருத்திய கொப்பிகளில் கோபுரத்தின் உயரம் பிழையின்றி இருந்தது: 350 மீட்டருக்கு மேல். 2019 இல் திறப்பு விழா நடந்ததும், 2022 செப்டெம்பரிலேயே பொதுமக்கள் உள்ளே விடப்பட்டதும் இருந்தன. சீன வங்கியொன்றின் கடனைக் கொண்டு கட்டப்பட்ட கோபுரம் அது என்பதை ஒரு பிள்ளைகூட எழுதவில்லை. பிள்ளையின் குற்றமா? நாம் சொல்லவில்லை, அது எழுதவில்லை.

இன்னொன்றையும் நாம் சொல்லவில்லை. கோபுரத்தின் உச்சியில் நின்று பார்த்தால் பேரை வாவிக்கு அப்பால், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் அல்டெயர் என்ற 68 மாடிக் கட்டடம் தெரியும். வாவியின் மறு கரையிலே, 2025 இல் சூதாட்ட மண்டபத்தோடு திறக்கப்பட்ட பெருமாளிகை தெரியும். இவற்றின் நிழலில் ஒடுங்கிக் கிடக்கும் கொம்பனித்தெரு மட்டும் பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒல்லாந்தர் அடிமைகளை அடைத்து வைத்த இடம் அது. அதனால் ஆங்கிலேயர் அதற்கு அடிமைத் தீவு என்றே பெயரிட்டனர். முஸ்லிம்களும் மலாயரும் தமிழரும் சிங்களவரும் ஒரே சந்தில், ஒரே தண்ணீர்க் குழாயில் வாழ்ந்து பழகிய மண். 2010 மே மாதம் அங்குள்ள மியூஸ் வீதியில் இயந்திரங்கள் வந்து வீடுகளை இடித்தன. இயந்திரங்களுக்குக் காவலாக வந்தவர்கள் படையினர். அதே ஆண்டில் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டு வரப்பட்டது என்பதை நினைவிற் கொண்டால் இது விளங்கும். வீட்டை இடிப்பதும் நாட்டைப் பாதுகாப்பதும் ஒரே இலாகாவின் அலுவலாயின!

சேரிகளை ஒழித்து மக்களை மாடிவீட்டில் ஏற்றுகிறோம் என்றார்கள். ஏறத்தாழ 70,000 குடும்பங்களைப் பெயர்ப்பதென்பது திட்டம். அவர்கள் விட்டுச் செல்லும் நிலம் யாருக்கு? பெறுமதி மிக்க அந்நிலத்தை வர்த்தகத்திற்கு விடுவிப்பதே நோக்கம் என்று திட்டத்தை வகுத்தோர் மறைக்கவுமில்லை. இரண்டு, மூன்று தலைமுறையாக இருந்த வீட்டைப் பறிகொடுத்தவன், வனாத்தமுல்லையிலும் தெமட்டகொடையிலும் நானூறு, ஐந்நூறு சதுர அடிக்குள் புகுந்து, அதற்குப் பத்து இலட்சம் ரூபாவுக்கு மேல் தவணை கட்ட வேண்டியவனானான். வாசலில் இடியப்பம் அவித்து விற்றவள் பன்னிரண்டாம் மாடியில் யாருக்கு விற்பாள்? உயரத்தோடு நமக்குப் பகையில்லை. உழைப்பவனுக்கு நல்ல மாடிவீடும், பழுதாகாத மின்தூக்கியும் கிடைக்குமானால் நாமே முதலில் கைதட்டுவோம். அவனைக் கேட்காமல் தூக்கி, அவன் நிலத்தை விலைபேசி, அவனிடமே காசும் வாங்குவதைத்தான் அபிவிருத்தி என்று ஏற்க மறுக்கிறோம்.

கொழும்பார் கதை வன்னியாருக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. காலிமுகத்திடலைப் பாருங்கள். அங்கே நெடுங்காலமாக இராணுவத் தலைமையகம் இருந்தது. கடற்காற்று வீசும் அந்த நிலத்தில் ஒரு வெளிநாட்டு ஹோட்டல் நிறுவனம் கண் வைத்தது. இராணுவம் எழுந்து போயிற்று! அக்குரேகொடையில் அதற்குப் புதிய தலைமையகம் கட்டத் தொடங்கினர். 2017 இல் ஹோட்டலும், 2019 இல் அதனருகே பெரிய அங்காடியும் திறக்கப்பட்டன. தேசியப் பாதுகாப்பு என்ற சொல் அந்த வேளையில் எவர் வாயிலும் வரவில்லை.

இப்போது முல்லைத்தீவுக்கு வாருங்கள். 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் முகாமை மூடியபோது, அதிலிருந்து கடைசியாக வெளியேற்றப்பட்டவர்கள் கேப்பாப்புலவு மக்கள். அவர்களைச் சொந்த ஊரில் விடவில்லை. அங்கே படைத் தலைமையகம் இருந்தது. வேறோரிடத்தில் காட்டை வெட்டி இறக்கி விட்டனர். 2017 ஜனவரி இறுதியில் பிலக்குடியிருப்புப் பெண்கள் விமானப்படை முகாமின் வாசலில், பனியிலும் வெயிலிலும், குழந்தைகளோடு குந்தினார்கள். ஒரு மாதம் கழித்தே அவர்கள் காணி திரும்பியது. கேப்பாப்புலவின் ஏனைய குடும்பங்கள் அதன்பின்னும் குந்தியிருந்தன. ஒரு பகுதி விடுபட்டது, மீதிக்கான போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. டொலரோடு வந்த முதலாளிக்கு ஒதுங்கிக் கொடுத்த அதே படை, உறுதியைக் கையில் ஏந்தி வந்த கமக்காரிக்கு ஒதுங்கவில்லை. இந்த இரண்டு காணிகளையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்த பின்னர், இது இனப்பிரச்சினை மட்டுமே என்பவரோடும் நாம் வாதிடுவோம். இதில் இனமே இல்லை என்பவரோடும் வாதிடுவோம். மியூஸ் வீதிக்காரனும் கேப்பாப்புலவுக்காரியும் சந்தித்ததில்லை. அவர்களை விரட்டிய கை ஒன்று.

வீட்டுக் கணக்கையும் பார்த்து விடுவோம். போருக்குப் பின் இந்திய வீட்டுத் திட்டத்தில் இங்கே ஒரு குடும்பத்திற்குக் கிடைத்தது 550,000 ரூபா, 550 சதுர அடி வீடு. அந்தக் காசு போதாமல் தாலிக்கொடியை அடைவு வைத்தவர்களை நாம் அறிவோம். பூசாத சுவர்களோடு நிற்கும் வீடுகளையும் அறிவோம். பிறகு 65,000 இரும்பு வீடுகள் தருகிறோம் என்று ஒரு பன்னாட்டு உருக்கு நிறுவனத்தோடு பேசினார்கள். ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம்! வன்னி வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் மனிதர் வேகமாட்டாரா, கல்வீட்டை அதன் அரைவாசிச் செலவில் எங்கள் மேசனே கட்டுவானே என்று பலரும் எதிர்த்த பிறகுதான் அது கைவிடப்பட்டது. அந்த வாதத்தில் வென்றவர்கள் சாதாரண மக்கள் என்பதை நமது சமூகக்கல்விப் பாடம் எங்கும் சொல்வதாகக் காணோம்.

கோபுரங்களால் வேலை கிடைக்கிறதே என்பார்கள். கிடைத்தது, மறுக்கவில்லை. எங்கள் இளைஞர் பலர் போய்க் கம்பி கட்டினார்கள், சாரத்தில் ஏறினார்கள். 2022 ஏப்ரில் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று அரசாங்கம் கைவிரித்தது. சீமெந்து விலை ஏறிற்று, பாரந்தூக்கிகள் அந்தரத்தில் நின்றன, இளைஞர்கள் பையோடு ஊர் திரும்பினார்கள். ஆசியாவின் புதிய அதிசயமென்று புகழப்பட்ட நகரில் சமையல் எரிவாயுவுக்கு வரிசை. அந்த ஹோட்டலின் முன்னாலேயே காலிமுகத்திடலில் மக்கள் கூடாரமடித்துக் கிளர்ந்தார்கள். கடன் பட்டுக் கட்டியவர்களின் வாழ்வு குறைந்ததா? இல்லை. வரியும் விலையும் எங்கள் பரந்தன் சந்திக் கடையிலும் ஏறின. கோபுரத்தைக் காணாதவனும் அதற்குக் காசு கட்டுகிறான்.

இத்தனைக்குப் பிறகும், ஏ-9 வீதியோரம் கண்ணாடி பதித்த மாடிக் கல்யாண மண்டபம் எழும்பினால் கிளிநொச்சியும் கொழும்பாகி விட்டதென்று மகிழ்கிற நம்மவரை என்னவென்று சொல்வது? குப்புற விழுந்த நீர்த்தாங்கியை அப்படியே கிடத்தி, பக்கத்தில் ஞாபகப்பொருட் கடையும் போட்டுச் சுற்றுலாக் காட்சியாக்கிய நகரல்லவா இது! நிமிர்ந்த கோபுரத்தையும் விழுந்த கோபுரத்தையும் ஒரே விதமாகவே நமக்குக் காட்டினார்கள்: அண்ணாந்து பார், படம் எடு, கேள்வி கேளாதே.

அடுத்த தவணைச் சுற்றுலாவுக்குப் பெற்றோரிடம் காசு சேர்க்கும் கடிதம் பல பாடசாலைகளில் இப்போது எழுதப்பட்டுக் கொண்டிருக்கும். தாமரைக் கோபுரத்தைப் பட்டியலிலிருந்து வெட்டச் சொல்லவில்லை. பிள்ளைகள் ஏறட்டும், பார்க்கட்டும். இறங்கிய பின் அரை மணி நேரம் கொம்பனித்தெருச் சந்துகளில் அவர்களை நடத்திச் செல்லுங்கள்; அங்குள்ள கிழவர் ஒருவரிடம் முன்பு இங்கே என்ன இருந்தது என்று கேட்க விடுங்கள். கேப்பாப்புலவுக்குப் போவதற்குப் பெரிய செலவுமில்லை. பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாகக் காலையில் போனால், பாடசாலை விடும் நேரத்திற்குள் திரும்பி விடலாம்.